கையில் ஏஸ் ஜோடி, பந்தயத்தில் கோளாறு: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

"ஏஸ் ஜோடி வந்துச்சு, போச்சு." ஞாயிறு இரவு ஆட்டம் முடிந்ததும் என் போனுக்கு வரும் செய்திகளில் பாதி இப்படித்தான் இருக்கும், கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட். நண்பர்கள் ஏழு பேர் ஆன்லைனில் போக்கர் ஆடுகிறோம். ஆடி முடித்த கைகளை (ஒரு முறை சீட்டு பிரித்து ஆடுவது ஒரு கை) திரும்பப் பார்த்து எங்கே தவறியது என்று கண்டுபிடிக்கும் வேலை நான்கு வருடமாக என்னிடம் இருக்கிறது. நூற்றுக்கணக்கான கைகளைப் பார்த்தபின் எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம் இது: பலமான சீட்டு வந்தவுடன் நம் கை தானாக ஒரு தொகையை அடித்துவிடுகிறது. ஆசை வந்தால் சின்னத் தொகை, பயம் வந்தால் பெரிய தொகை. நடுவில் எவ்வளவு இருக்கிறது, எதிரே இருப்பவரிடம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்ற இரண்டையும் பார்த்துப் போட்டிருந்தால் அந்தக் கைகளில் பெரும்பாலானவை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

முதலில் சட்ட விஷயம். நான் இருப்பது கனடாவின் ஒன்டாரியோவில். இங்கே 2022 ஏப்ரலிலிருந்து ஆன்லைன் போக்கருக்கு அரசு உரிமம் தரும் முறை நடக்கிறது, 19 வயது நிரம்பியவர்கள் ஆடலாம். இந்தியாவில் 2025 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் பணம் கட்டி ஆடுவதைத் தடை செய்துவிட்டது. அங்கே இருப்பவர்கள் இதை இலவச சிப்ஸ் மேசைக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கு எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

கீழே வரும் எண்கள் எல்லாம் நோ-லிமிட் டெக்ஸாஸ் ஹோல்டம், ஆறு பேர் மேசை, ஆளுக்கு 100 பிக் பிளைண்ட் என்று வைத்துச் சொன்னவை. இந்த ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டு சீட்டு; மேசையில் பொதுச் சீட்டு முதலில் மூன்று (ஃப்ளாப்), பிறகு ஒன்று (டர்ன்), கடைசியில் ஒன்று (ரிவர்) விழும், பந்தயம் நடக்கும் ஒவ்வொரு கட்டமும் ஒரு தெரு. சீட்டு பிரிக்கும் முன்பே இருவர் கட்டாயமாகப் போடும் தொகைகளில் சின்னது ஸ்மால் பிளைண்ட், பெரியது பிக் பிளைண்ட். பிக் பிளைண்டை இனி பிபி என்று எழுதுகிறேன். பலமான கை என்றால் ஏஸ் ஜோடி, கிங் ஜோடி, குயின் ஜோடி, ஏஸ்-கிங்.

எதற்கும் முன்னால்: ஐந்து நிமிட செட்டிங் சோதனை

அறிகுறி எதுவாக இருந்தாலும் இதை முதலில் முடித்துவிடுங்கள். எனக்கு வரும் புகார்களில் கணிசமானவை இங்கேயே தீர்ந்துவிடுகின்றன.

தொகை டாலரில் தெரிகிறதா, பிபியில் தெரிகிறதா என்று பாருங்கள். 5 சென்ட், 10 சென்ட் பிளைண்ட் மேசையில் 3 பிபி என்பது 30 சென்ட். பிபி என்று நினைத்து 3 என்று அடித்தால் 3 டாலர் போய்விடும், அதாவது 30 பிபி. எங்கள் குழுவில் ஒருவர் கிங் ஜோடியோடு இதைச் செய்தார். எல்லோரும் ஃபோல்ட் செய்துவிட்டார்கள் (சீட்டைப் போட்டு விலகிவிட்டார்கள்), அவர் மேசையைக் குறை சொன்னார். பெரும்பாலான மென்பொருளில் 'பிபியில் காட்டு' என்று ஒரு தேர்வு இருக்கும். அதைப் போட்டுவிடுங்கள்.

அடுத்து ரைஸ், அதாவது பந்தயத்தை ஏற்றும் பொத்தான். நீங்கள் எதையும் மாற்றாவிட்டால் பல இடங்களில் அது குறைந்தபட்ச ரைஸில், அதாவது 2 பிபியில் நிற்கும். ஃப்ளாப்புக்கு முந்தைய பொத்தான்களை 2.5, 3, 4 என்றும், ஃப்ளாப்புக்குப் பிந்தையவற்றை பாட்டில் (நடுவில் சேர்ந்திருக்கும் மொத்தப் பணத்தில்) 33, 66, 100 சதவீதம் என்றும் அமைத்துக்கொள்ளுங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஏஸ் ஜோடி வந்தால் மட்டும் ஸ்லைடரை இழுத்து இழுத்து யோசிப்பவரை எதிரில் இருப்பவர்கள் நேரத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். பொத்தானில் அடித்தால் எல்லாக் கைக்கும் ஒரே வேகம்.

'பாட்' என்று எழுதியிருக்கும் பொத்தான் என்ன தொகை தருகிறது என்பதையும் ஒரு முறை சரிபாருங்கள். பட்டனில் (ஃப்ளாப்புக்குப் பிறகு கடைசியாகப் பேசும் இடத்தில்) இருப்பவர் 3 பிபிக்கு ரைஸ் செய்து, ஸ்மால் பிளைண்ட் ஃபோல்ட் செய்து, நீங்கள் பிக் பிளைண்டில் இருந்தால் அந்தப் பொத்தான் 9.5 பிபி தரும். உங்கள் கால், அதாவது அவர் தொகைக்குச் சமமாக்க நீங்கள் போட வேண்டியதையும் சேர்த்துக் கணக்குப் போடுவதால் அப்படி. இந்த இடத்துக்கு அது போதாது. ஏன் என்று அறிகுறி 7-இல் வருகிறது.

அறிகுறி 1: ரைஸ் செய்ததும் எல்லோரும் ஃபோல்ட் செய்துவிடுகிறார்கள்

கோளாறு இருக்கிறதா என்பதையே முதலில் பாருங்கள். ஏஸ் ஜோடி சராசரியாக 221 கைக்கு ஒரு முறைதான் வரும். ஒரு மேசையில் மணிக்கு எழுபது கை ஆடுபவருக்கு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. அப்படிக் காத்திருந்து வந்த கையில் பிளைண்ட் 1.5 பிபி மட்டும் கிடைத்தால் மனசு கேட்காதுதான். ஆனால் ஆறு பேர் மேசையில் ரைஸுக்கு எல்லோரும் விலகுவது அன்றாடம் நடப்பது. ஏஸ் ஜோடியில் நடந்தால் மட்டும் நம் மனதில் தங்கிவிடுகிறது.

கோளாறு உண்மையா என்று தெரிய, நீங்கள் முதலில் ரைஸ் செய்த கடைசி முப்பது கைகளை எடுத்து, சீட்டையும் தொகையையும் இரண்டு வரிசையாக எழுதுங்கள். ஏஸ், கிங் ஜோடிக்கு 5 பிபி, மற்றவைக்கு 2.5 பிபி என்று இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. நீங்கள் தொகையாலேயே உங்கள் சீட்டைக் காட்டிக்கொடுக்கிறீர்கள். எதிரில் இருப்பவர் மென்பொருள் எதுவும் வைத்திருக்கத் தேவையில்லை. இரண்டு தடவை பார்த்தால் போதும்.

சரிசெய்ய: இடத்துக்கு ஒரு தொகை, சீட்டுக்கு ஒரு தொகை கிடையாது. முன்வரிசையில் (முதலில் பேசும் இடங்களில்) உட்கார்ந்தால் 3 பிபி, பட்டனில் 2.5 பிபி, ஸ்மால் பிளைண்டில் 3 பிபி. கையில் ஏஸ் ஜோடி இருந்தாலும் ஒரே பூவில் (ஒரே சின்னத்தில்) ஒன்பது-எட்டு இருந்தாலும் அதே தொகை.

தொகை எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருந்தும் யாரும் வரவில்லை என்றால், நீங்கள் ஆடும் கைகளே குறைவு என்று பொருள். நூறு கையில் பத்துக்குள்தான் ரைஸ் செய்கிறீர்கள் என்றால் உங்கள் எந்த ரைஸுக்கும் பயப்படுவார்கள். பட்டனில் இருந்து இன்னும் கொஞ்சம் தாராளமாக ஆடுங்கள். அதுவும் உதவவில்லையென்றால் மேசையை மாற்றுங்கள். சில நேரங்களில் மேசை முழுக்க கல்லைப் போல உட்கார்ந்திருப்பவர்கள்தான் இருப்பார்கள்.

அறிகுறி 2: ரைஸ் செய்தும் நான்கைந்து பேர் உள்ளே வருகிறார்கள்

இதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணம். ஒன்று, ஏற்கெனவே சொன்ன 2 பிபி பொத்தான். இரண்டாவது, முன்னால் சும்மா கால் மட்டும் செய்து உள்ளே வந்தவர்களைக் கணக்கில் சேர்க்காதது.

மூன்று பேர் அப்படி 1 பிபி போட்டு வந்திருக்கிறார்கள், நீங்கள் பட்டனில் ஏஸ் ஜோடியோடு 2 பிபிக்கு ரைஸ் செய்கிறீர்கள் என்று வையுங்கள். அவர்களுக்கு இன்னும் 1 பிபிதான் செலவு. யார் போவார்கள்? உங்கள் அடிப்படைத் தொகை 3 பிபி, உள்ளே வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் 1 பிபி கூட்டுங்கள். மூன்று பேர் என்றால் 6. பிளைண்டில் உட்கார்ந்து ஃப்ளாப்புக்குப் பிறகு முதலில் பேச வேண்டிய இடம் என்றால் இன்னொன்று சேர்த்து 7.

ஆள் கூடினால் என்ன ஆகும் என்பதற்கு எண் இதுதான். ஏஸ் ஜோடி ஏதோ இரண்டு சீட்டை எதிர்த்துக் கடைசி வரை போனால் 85 சதவீதம் ஜெயிக்கும். இரண்டு பேருக்கு எதிராக 73, மூன்று பேருக்கு 64, நான்கு பேருக்கு 56. நான்கு பேர் இருந்தாலும் அது லாபக் கைதான், அதை மறக்க வேண்டாம். ஆனால் யாரிடம் இரண்டு ஜோடி இருக்கிறது, யாரிடம் செட் (ஒரே மதிப்பில் மூன்று சீட்டு) இருக்கிறது என்று ரிவரில் நான்கு முகத்தைப் பார்த்து முடிவெடுப்பதுதான் கஷ்டம்.

6 பிபி போட்டும் நான்கு பேர் வருகிறார்கள் என்றால் சந்தோஷப்படுங்கள். அந்த மேசையில் 8 போட்டுப் பாருங்கள், 10 போட்டுப் பாருங்கள். வந்துகொண்டே இருக்கும் வரை ஏற்றலாம். எல்லாக் கைக்கும் ஒரே தொகை என்று மேலே சொன்ன விதியை நான் தளர்த்துவது இங்கே மட்டும்தான். தொகையைக் கவனிக்காமல் கால் செய்பவரிடம் மறைக்க எதுவும் இல்லை.

அறிகுறி 3: ஜெயித்துவிட்டேன், ஆனால் பாட் சின்னதாகவே இருந்தது

எனக்கு மிகவும் வருத்தம் தரும் அறிகுறி இதுதான். இதை யாரும் கோளாறு என்று சொல்லி எடுத்து வருவதே இல்லை. தோற்ற கையைத்தான் அனுப்புவார்கள். மாதக் கணக்கைப் பார்த்தால் பணம் அதிகம் ஒழுகியிருப்பது ஜெயித்த கைகளில்தான்.

பட்டனில் 2.5 பிபி போட்டீர்கள், பிக் பிளைண்ட் கால் செய்தார். பாட் 5.5 பிபி. இருவரிடமும் 97.5 மிச்சம். இனி ஃப்ளாப், டர்ன், ரிவர் மூன்றிலும் நீங்கள் பெட் போட்டு அவர் மூன்றையும் கால் செய்கிறார்.

ஒவ்வொரு முறையும் பாட்டில் மூன்றில் ஒரு பங்கு போட்டால், அவர் மொத்தமாகத் தருவது 10 பிபி. மூன்றில் இரண்டு பங்கு போட்டால் 32 பிபி. முக்கால் பங்கு போட்டால் 40 பிபி. தொகையை இரண்டு மடங்காக்கினால் வருமானம் மூன்று மடங்கைத் தாண்டுகிறது. ஒவ்வொரு பெட்டும் அடுத்த பெட்டின் அளவை ஏற்றுவதால் இப்படி, வட்டிக்கு வட்டி மாதிரி.

இப்போது 'மறைத்து ஆடுகிறேன்' என்று ஃப்ளாப்பில் செக் செய்துவிட்டீர்கள் (பணம் போடாமல் தள்ளிவிட்டீர்கள்) என்று வையுங்கள். டர்னிலும் ரிவரிலும் மட்டும் மூன்றில் இரண்டு பங்கு. அவர் தருவது 12 பிபி. ஒரு செக் 20 பிபியைச் சாப்பிட்டுவிட்டது. அந்த 20 பிபிக்கு ஈடாக என்ன கிடைத்தது என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் எதுவும் இருக்காது.

சோதனை: ஏஸ், கிங், குயின் ஜோடியோடு நீங்கள் ஜெயித்து, கடைசி வரை சீட்டு காட்டிய கைகளை மட்டும் எடுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு கேள்வி. எந்தத் தெருவில் செக் செய்தேன்? எதிராளி கடைசியில் என்ன காட்டினார்? அவர் நடுத்தர ஜோடியைக் காட்டி மூன்று பெட்டையும் தயங்காமல் கால் செய்திருந்தால் இன்னும் பெரிதாகப் போட்டிருக்கலாம்.

முழு ஸ்டாக்கையும் (மிச்சம் இருக்கும் பணம் முழுவதையும்) உள்ளே கொண்டுவர வேண்டும் என்றால் எவ்வளவு போட வேண்டும்? இந்த 5.5 பிபி பாட்டில் மூன்று தெருவிலும் ஒரே விகிதத்தில் போனால் பாட்டைவிடக் கொஞ்சம் அதிகம், சுமார் 115 சதவீதம் தேவை. ஏஸ் ஜோடி மட்டும் வைத்துக்கொண்டு அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். ஆனால் செட் அடித்தபோது நினைவில் வையுங்கள். பாட்டைவிடப் பெரிய பெட் என்றால் நம் ஆட்களுக்கு ஏதோ விதிமீறல் மாதிரி ஒரு கூச்சம். 2017-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ரேட்டஸ் நிரல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை 1,20,000 கைகளில் தோற்கடித்தபோது இப்படிப்பட்ட பெரிய பெட்களைத் தாராளமாகப் பயன்படுத்தியது.

ஃப்ளாப்புக்கு முன்பே ரீ-ரைஸ் (ரைஸுக்கு மேல் ரைஸ்) நடந்திருந்தால் கதை வேறு. 3 பிபி ரைஸுக்கு நீங்கள் 9 போட்டு, அவர் மட்டும் கால் செய்தால் பாட் 19.5 பிபி, மிச்சம் 91. இங்கே மூன்று தெருவிலும் பாட்டில் 60 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் போட்டாலே ரிவரில் முழு ஸ்டாக்கும் உள்ளே வந்துவிடும். அதனால்தான் பலமான கையோடு ரீ-ரைஸ் செய்யாமல் கால் மட்டும் செய்வதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பிற்பாடு எவ்வளவு சாமர்த்தியமாக ஆடினாலும் அந்த இடைவெளியை நிரப்ப முடிவதில்லை.

அறிகுறி 4: எதிராளிக்கு ஃப்ளஷ் அடித்துக்கொண்டே இருக்கிறது

டர்னில் நீங்கள் போட்ட தொகையைப் பாருங்கள், வேறு எதையும் பார்க்க வேண்டாம்.

ஒரு சீட்டு மட்டும் பாக்கி இருக்கும்போது ஃப்ளஷ் (ஒரே பூவில் ஐந்து சீட்டு) அடிக்க 46-இல் 9 சீட்டு, அதாவது 19.6 சதவீதம். பாட் 21 பிபி இருக்கும்போது நீங்கள் 7 போட்டால் அவர் 7 கொடுத்து 28-ஐத் துரத்துகிறார். அதற்கு அவருக்கு 20 சதவீதம் வாய்ப்பு இருந்தால் போதும். கிட்டத்தட்ட சரியான விலைக்கு விற்றுவிட்டீர்கள். அடித்தபின் ரிவரில் உங்களிடம் இன்னும் வாங்குவார், அது அவருக்கு உபரி. அதே இடத்தில் 14 போட்டிருந்தால் அவருக்கு 28.6 சதவீதம் தேவைப்படும். இருப்பது 19.6. ஒவ்வொரு காலிலும் அவர் நஷ்டப்படுகிறார்.

மேசைச் சீட்டின் அமைப்புக்குத் தகுந்தபடி அளவு மாற வேண்டும். கிங், ஏழு, இரண்டு மூன்று வேறு பூவில் விழுந்தால் துரத்த ஒன்றுமில்லை, மூன்றில் ஒரு பங்கே போதும். ஜாக், பத்து, எட்டு, அதில் இரண்டு ஒரே பூ என்றால் மூன்றில் இரண்டு பங்குக்குக் கீழே இறங்காதீர்கள். இரண்டு மூன்று பேர் உள்ளே இருந்தால் இது இன்னும் கண்டிப்பு.

சரியான தொகை போட்டும் அடித்ததா? அப்படியானால் கோளாறு இல்லை. ஐந்தில் ஒரு முறை அடிக்கத்தான் செய்யும். அப்புறம் ஒரு விஷயம்: மூன்றாவது ஹார்ட்ஸ் ரிவரில் விழுந்து, அதுவரை கால் மட்டும் செய்தவர் திடீரென்று பெரிதாகப் போட்டால் விட்டுவிடுங்கள். எனக்கு வரும் 'ஃப்ளஷ் அடிச்சிட்டான்' கைகளில் நஷ்டத்தின் பெரும்பகுதி அந்தக் கடைசிக் காலில்தான் இருக்கிறது.

அறிகுறி 5: சின்ன பாட்டை ஜெயிக்கிறேன், பெரிய பாட்டை இழக்கிறேன்

ஒரே ஒரு வகுத்தல் கற்றுக்கொண்டால் இதில் பாதி தீரும். ஃப்ளாப் விழுந்ததும், மிச்சம் இருக்கும் ஸ்டாக்கை பாட்டால் வகுங்கள். உங்கள் ஸ்டாக், எதிராளி ஸ்டாக் இரண்டில் எது சின்னதோ அதை எடுக்க வேண்டும். மேலே சொன்ன சாதாரண ரைஸ் பாட்டில் 97.5-ஐ 5.5-ஆல் வகுத்தால் சுமார் 18 வரும். ரீ-ரைஸ் பாட்டில் 91-ஐ 19.5-ஆல் வகுத்தால் சுமார் 4.7.

அந்த எண் 4, 5-க்குள் இருந்தால்: ஏஸ் ஜோடி, கிங் ஜோடியோடு முழு ஸ்டாக்கும் போவதைப் பற்றி வருந்த வேண்டாம். செட் அடித்தவரிடம் தோற்றால் தோற்றதுதான்.

எண் 10-க்கு மேல் இருந்தால்: ஒரு ஜோடியோடு முழு ஸ்டாக்கைக் கொடுப்பதுதான் கோளாறு. நீங்கள் பெட் போடலாம், போட வேண்டும். டர்னிலோ ரிவரிலோ எதிராளி ரைஸ் செய்தால் நிற்க வேண்டும். அதுவும் அவர் இரவு முழுக்க கால் மட்டுமே செய்துகொண்டிருந்த ஆள் என்றால் அந்த ரைஸை நம்புங்கள்.

எண் 20, 30, அதற்கும் மேல் என்றால்: ஏஸ் ஜோடியோடு ரைஸே செய்யாமல் உள்ளே வந்திருக்கிறீர்கள். பிக் பிளைண்டில் இருப்பவர் காசே கொடுக்காமல் ஏழும் இரண்டும் வைத்து ஃப்ளாப் பார்க்கிறார், ஏழு-இரண்டு-ஐந்து விழுகிறது, உங்களால் அதை ஊகிக்கவே முடியாது. 3 பிபி பாட்டுக்காக 100 பிபி போன கைகளை நான் பார்த்திருக்கிறேன். மறைத்து ஆடும் பழக்கத்தை இங்கே முழுசாக விட்டுவிடுங்கள்.

சோதனை: கிங், குயின் ஜோடிகளை உட்பட எடுத்து, 50 பிபிக்கு மேல் இழந்த கைகளை மட்டும் வடிகட்டுங்கள். கடைசி ரைஸ் யாருடையது என்று குறியுங்கள். பத்தில் ஏழு எட்டு எதிராளியுடையது என்றால் உங்கள் கோளாறு பெட் போடுவதில் இல்லை, ரைஸுக்கு கால் செய்வதில்.

இதோடு சேர்ந்த ஒரு கிளை: கிங் ஜோடிக்கு ஏஸ் விழுந்தால் என்ன செய்வது? ஃப்ளாப்பில் அது 100-க்கு 23 முறை நடக்கும். குயின் ஜோடிக்கு ஏஸோ கிங்கோ விழுவது 41 முறை, ஜாக் ஜோடிக்குப் பெரிய சீட்டு விழுவது 57 முறை. பயந்து செக் செய்து மூன்று தெருவும் கால் செய்வது மிக மோசமான வழி. ஒரு சின்ன பெட், பாட்டில் மூன்றில் ஒரு பங்கு. கால் வந்தால் அதோடு நிறுத்தி, மலிவாகக் கடைசிவரை போகப் பாருங்கள்.

அறிகுறி 6: ஏஸ்-கிங் எப்போதும் நஷ்டம்

ஏஸ்-கிங் இன்னும் ஜோடி ஆகாத கை. ஃப்ளாப்பில் ஏஸோ கிங்கோ விழுவது மூன்றில் ஒரு முறைக்குச் சற்றுக் குறைவு. ஃப்ளாப்புக்கு முன் ஏஸ் ஜோடிக்குப் போட்ட அதே தொகையைப் போடுங்கள், அதில் மாற்றம் வேண்டாம். அடிக்காத ஃப்ளாப்பில் எதிரில் ஒருவர் மட்டும் என்றால் மூன்றில் ஒரு பங்கு ஒரு தடவை, அப்புறம் கையை விடத் தயாராக இருங்கள். இரண்டு பேருக்கு மேல் என்றால் அந்த ஒரு தடவையும் வேண்டாம். நஷ்டம் வருவது பெரும்பாலும் "இவ்வளவு நல்ல கையை எப்படி விடுவது" என்று போடும் இரண்டாவது, மூன்றாவது பெட்டில்.

அறிகுறி 7: ரீ-ரைஸ் கட்டத்தில் குழம்புகிறேன்

எதிராளி 3 பிபி போட்டிருக்கிறார். நீங்கள் அவருக்குப் பின்னால் பேசும் இடத்தில் இருந்தால் மூன்று மடங்கு, 9. பிளைண்டில் இருந்தால் நான்கு மடங்கு, 12. ஃப்ளாப்புக்குப் பிறகு முதலில் பேசும் கஷ்டத்துக்கு அவரிடம் முன்கூட்டியே வாங்கும் கூடுதல் விலை அது. இதனால்தான் 9.5 தரும் பாட் பொத்தான் போதாது என்றேன். நடுவில் ஒருவர் கால் செய்திருந்தால் அவருக்காக இன்னும் 3 சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் 3 போட்டு, அவர் 9-க்கு ஏற்றி, உங்களிடம் ஏஸ் ஜோடி. இங்கே இரண்டு தவறைத்தான் மாறி மாறிப் பார்க்கிறேன். குறைந்தபட்சம் 15-க்கு ஏற்றினால் அவர் 6 கொடுத்து 25-க்கு மேல் இருக்கும் பாட்டைப் பார்க்கிறார், அவ்வளவு மலிவு. ஒரேயடியாக 100 போட்டால் குயின் ஜோடிக்குக் கீழே இருக்கும் பலர் விலகிவிடுவார்கள். 20 முதல் 22 வரை போடுங்கள். கால் வந்தால் பாட் சுமார் 45, மிச்சம் 78. இரண்டே தெருவில் பாதிக்குச் சற்று அதிகமாகப் போட்டால் எல்லாம் உள்ளே.

அறிகுறி 8: டோர்னமெண்ட் கடைசியில் மட்டும் சொதப்புகிறது

100 பிபி அளவுகளை 15 பிபியில் பயன்படுத்துகிறீர்கள். அவ்வளவுதான். 20 பிபிக்குக் கீழே ரைஸ் 2 முதல் 2.2 பிபி. 10 பிபிக்குக் கீழே போனால் ஆடும் கையெல்லாம் ஆல்-இன் (இருப்பதை முழுவதும் போடுவது), ஏஸ் ஜோடியும் அப்படியே. மற்ற கைக்கெல்லாம் ஆல்-இன் போட்டுவிட்டு ஏஸ் ஜோடிக்கு மட்டும் 2 பிபி போடுவது அறிகுறி 1-இன் தம்பி.

அறிகுறி 9: தோற்றதும் என் அளவு ஏறுகிறது

பெரிய கை ஒன்றை இழந்தபின் அடுத்த முப்பது நிமிடத்தில் நீங்கள் போட்ட ரைஸ்களைத் தனியாக எடுத்துப் பாருங்கள். 3 பிபி போட்டவர் 5, 6 என்று போட்டிருந்தால் செட்டிங்கிலோ கணக்கிலோ தேட வேண்டாம். முதலில் செய்ய வேண்டியது மேசையை விட்டு எழுவது. இரண்டாவது, பெரிய கை ஒன்று போனால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது என்று முன்கூட்டியே வரம்பு போட்டுக்கொள்வது. மூன்றாவது, மென்பொருளிலேயே தினசரிப் பண வரம்பைப் பூட்டுவது.

அதற்கும் அடங்கவில்லை, அதாவது வரம்பை நீங்களே தூக்கிவிடுகிறீர்கள், வீட்டில் மறைக்கிறீர்கள், கடன் வாங்கி ஆடுகிறீர்கள், தூக்கம் போய்விட்டது என்றால் போக்கர் தெரிந்த யாரிடமும் கேட்காதீர்கள். என்னிடமும் கேட்காதீர்கள். மனநல மருத்துவரிடம் போங்கள். இந்தியாவில் டெலி-மானஸ் 14416 எண்ணில் இரவு பகல் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழில் பேசலாம். ஒன்டாரியோவில் கனெக்ஸ் ஒன்டாரியோ, 1-866-531-2600. எங்கள் ஏழு பேரில் ஒருவர் இப்போது ஆடுவதில்லை. அவர் போன் செய்த இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அவர் அதைச் செய்ததில் எனக்கு மிகுந்த மரியாதை.

பயிற்சியாளரிடம் எப்போது போவது

செலவு குறைந்ததிலிருந்து போங்கள். நோட்டும் பேனாவும் இலவசம். மென்பொருளில் இருக்கும் கை வரலாறு இலவசம். வெற்றி சதவீதம் பார்க்கும் ஈக்விலேப் இலவசம். போக்கர் டிராக்கர் போன்ற பதிவு மென்பொருளுக்குப் பணம் கட்ட வேண்டும், அதை அனுமதிக்காத தளங்களும் உண்டு, விதியைப் படித்துவிட்டு வாங்குங்கள். ஜிடிஓ விஸார்ட் போன்ற தீர்வுக் கருவிகள் அதற்கு மேல். சில சென்ட் பிளைண்ட் மேசையில் ஆடுபவருக்கு அந்தச் சந்தா வருமானத்தையே விழுங்கிவிடும் என்பது என் கணிப்பு.

மேலே சொன்ன சோதனைகளை முடித்து, அளவைத் திருத்தி, இருபதாயிரம் கை ஆடியும் அதே அறிகுறி திரும்பத் திரும்ப வந்தால் பயிற்சியாளரைப் பாருங்கள். ஆயிரம் இரண்டாயிரம் கையை வைத்துப் போகாதீர்கள், அதில் அதிர்ஷ்டத்தையும் தவறையும் யாராலும் பிரிக்க முடியாது. மணிக்கணக்கில் பேசும் வகுப்பைவிட, நீங்கள் குறித்து அனுப்பும் இருபது கைகளைப் பார்த்துத் தருவாரா என்று கேளுங்கள். ஒவ்வொரு கையிலும் இடம், இருவர் ஸ்டாக், ஒவ்வொரு தெருவிலும் பாட் அளவு, நீங்கள் போட்டது, ஏன் அந்தத் தொகை என்று ஒரு வரி. யார் ஜெயித்தார் என்பதை எழுத வேண்டாம், அது அவர் கண்ணை மறைக்கும். முதல் கேள்வியாக "ஸ்டாக் எவ்வளவு இருந்தது?" என்று கேட்பவர் கிடைத்தால் அவரையே வைத்துக்கொள்ளுங்கள்.